நொடிமுள் வழுக்கினால் ஒரிஜினலா?

வாட்ச்சின் நொடிமுள் வழுக்கிக்கொண்டு ஓடினால் ஒரிஜினல், நொடிக்கு ஒருமுறை குதித்தால் டூப்ளிகேட் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அந்தச் சோதனை, உள்ளே இருப்பது பேட்டரியா ஸ்பிரிங்கா என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். யார் செய்தது என்று காட்டாது.

வழுக்குவது போலத் தெரிவதும் குட்டிக் குட்டிக் குதிகள்தான். ஸ்பிரிங் வாட்ச்சின் இயந்திரம் மணிக்கு 28,800 முறை அதிர்ந்தால் முள் நொடிக்கு 8 குதி குதிக்கும், 21,600 என்றால் 6. ரெப்ளிக்காக்களிலும், அதாவது டூப்ளிகேட்களிலும், இதே வேகத்தில் ஓடும் ஆட்டோமேட்டிக் இயந்திரங்கள் (கை அசைவிலேயே ஸ்பிரிங் முறுக்கிக்கொள்பவை) சர்வசாதாரணம். மறுபக்கம், ரோலெக்ஸே 1977-இல் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்ற பேட்டரி வாட்ச்சை வெளியிட்டது. அதன் முள் நொடிக்கு ஒருமுறைதான் குதிக்கும். அதை டூப்ளிகேட் என்று ஒதுக்கிவிட முடியுமா?

நீங்களே பார்த்துவிடலாம். போனில் ஸ்லோமோஷன் வீடியோ, நொடிக்கு 240 ஃபிரேம், டயலுக்கு நன்றாகக் கிட்டே வைத்து எடுங்கள். ஒரு நொடிக்கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை முள் எத்தனை முறை நின்று நின்று போகிறது என்று எண்ணுங்கள். என் ரெப்ளிக்காவில் 6 வந்தது. வெறும் கண்ணுக்கு வெண்ணெய் மாதிரி ஓடுகிறது! அப்புறம் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் அதிர்வு எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் சந்தேகப்படக் காரணம் உண்டு. பொருந்தினாலும் ஒரிஜினல் என்று ஆகிவிடாது, பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.