‘முடித்திருப்பேன்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஏன் இந்தத் தண்டனை?

பிரெஞ்சு மொழியில் ‘ஃபுத்யூர் ஆந்தேரியர்’ என்றொரு காலவடிவம் உண்டு. எதிர்காலத்தில் ஒரு செயல் நடப்பதற்கு முன்பே இன்னொரு செயல் முடிந்துவிட்டிருக்கும் என்பதைச் சொல்ல அது பயன்படுகிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் அதைச் சொல்லிக்கொடுப்பவர்களுள் நானும் ஒருவர். அந்தப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் இந்தப் பாடம் வந்து சேர்ந்திருக்கும் கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பாடம் கடினமானது என்பதால் அல்ல. தமிழ் பேசும் பிள்ளைக்கு மிக இயல்பாக வரக்கூடிய ஒன்றை, வேண்டுமென்றே சுற்றுவழியில் இழுத்துச் சென்று, கடைசியில் அதன் பொருளே தெரியாமல் மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே என்பதால்தான்.

வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ‘அடைப்புக்குறிக்குள் இருக்கும் வினையை ஃபுத்யூர் ஆந்தேரியரில் எழுதுக’ என்று ஒரு வரி; அதன் கீழே ‘நூ’ என்ற எழுவாய், ஒரு கோடு, அடைப்புக்குறிக்குள் ‘ஃபினீர்’ என்ற வினை. அவ்வளவுதான். பிள்ளை ‘நூஸ் ஓரோன் ஃபினி’ என்று எழுதுகிறது, ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. நாங்கள் முடித்திருப்போம் என்றால் எதை முடித்திருப்போம், எதற்கு முன்பாக முடித்திருப்போம்? முன்னதாக நடப்பதைச் சொல்வதற்கென்றே இருக்கும் ஒரு வடிவத்தை, பின்னதாக நடப்பது எது என்று சொல்லாமலே கேட்டு, சொல்லாமலே திருத்தி, சொல்லாமலே முழு மதிப்பெண்ணும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையிடம் ‘நீ வேலையை முடித்ததும் என்னைக் கூப்பிடு’ என்பதைப் பிரெஞ்சில் சொல்லச் சொன்னால் அது விழிக்கிறது. அந்த விழிப்பைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளையைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியது பிள்ளையை அல்ல.

தமிழில் ‘வந்திருப்பான்’ என்கிறோம். ‘வந்து’ என்பது இறந்தகால வினையெச்சம். ‘இருப்பான்’ என்பது எதிர்காலத்தில் நிற்கும் துணைவினை. பிரெஞ்சு வடிவமும் இதே இரண்டு பகுதிகளால் ஆனது. வரிசை மட்டும் மாறுகிறது. முதலில் ‘அவுவார்’ அல்லது ‘எத்ர்’ என்ற துணைவினை எதிர்கால வடிவில் வரும், அதன்பின் முதன்மை வினையின் இறந்தகால எச்ச வடிவம் வரும். ஜோரே ஃபினி என்றால் முடித்திருப்பேன், இல் செரா பார்த்தி என்றால் கிளம்பியிருப்பான். எதிர்மறை வேண்டுமென்றால் ‘ந’வும் ‘பா’வும் துணைவினையை மட்டும் அணைத்துக்கொள்ளும்: ஜெ நோரே பா ஃபினி. இந்த அடித்தளத்தைத் தமிழில் சொன்னால் கால் மணி நேரத்தில் விளங்கிவிடும் என்பதை என் கண்முன்னே மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். ஆனால் வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்கூட இதற்குத் துணைக்கு அழைக்கப்படுவதில்லை. முதலில் ஆங்கில வடிவம், பிறகு அதற்கு இணையான பிரெஞ்சு வடிவம் என்று இரட்டைச் சுமையாகத்தான் ஏற்றுகிறார்கள்.

அந்த ஆங்கிலச் சுற்றுவழி வெறும் கால விரயமாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது பிழையையே கற்பிக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஒன்று நடக்கும்போது’ என்ற பொருளில் தொடங்கும் துணைவாக்கியத்தில் எதிர்கால வடிவம் வராது. பிரெஞ்சிலோ ‘போது’, ‘உடனே’ போன்ற பொருள் தரும் ‘கான்’, ‘லொர்ஸ்க்’, ‘தே கெ’, ‘ஓசித்தோ கெ’, ‘யூன் ஃபுவா கெ’ ஆகியவற்றுக்குப் பின்னால், வரப்போகும் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, எதிர்கால வடிவம்தான் வர வேண்டும். ‘கான் த்யூ ஓரா ஃபினி, த்யூ மாப்பெல்ரா’: நீ முடித்ததும் என்னைக் கூப்பிடுவாய். ஆங்கிலம் வழியாக யோசிக்கப் பழக்கப்பட்ட பிள்ளை இதைக் ‘கான் த்யூ ஆ ஃபினி’ என்று எழுதிவிட்டு, தான் எழுதியது ஏன் தவறு என்றே தெரியாமல் நிற்கிறது. தமிழில் ‘முடித்ததும்’ என்ற சொல்லில் எதிர்காலம் வருமா வராதா என்ற தடையே கிடையாது. தடையில்லாமல் வந்த பிள்ளையின் பாதையில் தடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு அதைத் தாண்டத் தெரியவில்லை என்று சிவப்பு மையால் கோடு போடுவது என்ன நியாயம்? இதோடு ‘சி’ என்ற நிபந்தனைச் சொல்லுக்குப் பின்னால் எதிர்காலம் வரவே கூடாது என்ற விதியையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்திருக்கும். அதை வேறொரு பாடத்தில், வேறொரு பருவத்தில், தொடர்பே இல்லாததுபோல் நடத்துகிறார்கள்.

என் கோபம் உச்சத்துக்குப் போவது இதன் இன்னொரு பயனை எண்ணும்போதுதான். ஒருவர் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. பிரெஞ்சுக்காரர் ‘இல் ஓரா ராத்தே சோன் த்ரேன்’ என்கிறார். ரயிலைத் தவறவிட்டிருப்பான் என்று பொருள். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய ஊகம் இது. எதிர்காலத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தமிழ்ப் பிள்ளை நாள்தோறும் வீட்டில் பேசும் பேச்சு இதுதான்: ‘மறந்திருப்பான்’, ‘தூங்கியிருப்பாள்’, ‘சாப்பிட்டிருப்பார்கள்’. வடிவமும் ஒன்று, பொருளும் ஒன்று. இவ்வளவு பொருத்தமான துணை கையிலேயே இருக்கும்போது, இந்தப் பயனைப் பாடத்தில் ஒரு வரியாகக்கூடக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையோ ‘நாளைக்கு ரயிலைத் தவறவிடுவான்’ என்று புரிந்துகொள்கிறது. பத்திரிகைகளில் பரவலாக வரும் மூன்றாவது பயனும் உண்டு: ஒரு நெடிய காத்திருப்பின் முடிவில் நின்று திரும்பிப் பார்த்துச் சொல்வது. பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற 1944 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதை ‘இல் ஓரா ஃபல்யூ அத்தாந்த்ர் 1944’ என்று தொடங்கி எழுதுவார்கள். எதிர்காலம் என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் 1944-ஐப் பார்த்ததும் என்ன நினைப்பார்?

துணைவினையைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கொடுமைதான். எந்தெந்த வினைகளுக்கு ‘எத்ர்’ வரும் என்பதற்கு ‘டாக்டர் மிஸஸ் வாண்டர்டிராம்ப்’ என்ற ஆங்கில நினைவுக் குறிப்பை ஒப்பிக்க வைக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு வினையின் முதல் எழுத்து. அந்தக் குறிப்பு சொல்லாதது ஒன்று உண்டு: அதிலுள்ள சில வினைகள் செயப்படுபொருளை ஏற்கும்போது ‘அவுவார்’ பக்கம் தாவிவிடும். ‘எல் செரா தெசாந்த்யூ’ என்றால் அவள் இறங்கியிருப்பாள். ‘எல் ஓரா தெசாந்த்யூ லா வலீஸ்’ என்றால் பெட்டியை இறக்கியிருப்பாள். இறங்கு–இறக்கு, ஏறு–ஏற்று என்று தன்வினையையும் பிறவினையையும் பேச்சு வந்த வயதிலிருந்தே பிரித்தறிகிற பிள்ளைக்கு, இந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

தமிழை வைத்தே எல்லாவற்றையும் கடந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ் நம்மைத் தவறாக வழிநடத்தும் இடமும் ஒன்று இருக்கிறது, அதையும் இவர்கள் எச்சரிப்பதில்லை. ‘பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்’ என்று நிறைவேறாத நிபந்தனைக்கும் நாம் அதே ‘இருப்பேன்’ வடிவத்தைத்தான் ஆள்கிறோம். பிரெஞ்சில் அது வேறு வடிவம்; எழுத்தில் தன்மை ஒருமையில் ‘ஜோரே’ என்பதன் கடைசியில் ஒரு ‘எஸ்’ கூடுதலாக வரும், பேச்சில் பலர் இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிப்பார்கள். அந்த ஓர் எழுத்தில் ‘முடித்திருப்பேன், கவலை வேண்டாம்’ என்ற உறுதி, ‘முடித்திருப்பேன், ஆனால் முடியவில்லை’ என்ற வருத்தமாக மாறிவிடுகிறது. தமிழ் மாணவருக்கென்றே தனியாக நின்று விளக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுக்கும்வரை இந்த எச்சரிக்கை நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்?

தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நேர்வழி கிடையாது என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். 19ஆம் நூற்றாண்டிலேயே முஸே, துய்ப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள் தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தொகுத்து, அது புதுச்சேரியில் அச்சேறியிருக்கிறது. அந்த ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பள்ளிகளில், தமிழரே தமிழருக்குப் பிரெஞ்சு கற்பிக்கும்போது, இரண்டு மொழிகளுக்கும் நடுவே மூன்றாவது மொழி ஏன் வந்து உட்கார வேண்டும்?

‘தேர்வுக்கு இது போதும்’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பள்ளியை விட்டு வெளியே வந்தால் இருக்கும், பிரெஞ்சு மொழித்திறனுக்குச் சான்றிதழ் தரும் தெல்ஃப் பி1 தேர்வில் கோடிட்ட இடம் நிரப்பும் இலக்கணப் பகுதியே கிடையாது. குறைந்தது 160 சொற்களில் சொந்தமாக ஒன்றை எழுத வேண்டும், எதிரில் அமர்ந்திருப்பவரிடம் பேச வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. அந்த ஒற்றை வினை, ஒற்றைக் கோடு வினாவை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் முன்னதாக ஒன்றும் பின்னதாக ஒன்றுமாக இரண்டு செயல்களைத் தமிழில் கொடுத்து, அவற்றை ஒரே பிரெஞ்சு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். ‘ஏன் வரவில்லை?’ என்ற கேள்வியைக் கொடுத்து, ஊகமாக ஒரு பதில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த பருவத் தேர்விலேயே இதைச் செய்ய முடியும். இதற்குப் புதிய பாடநூலும் வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம்.