உப்புக்கண்டம் போட ஆள் எங்கே?
பெண்கள் வேலைக்குப் போனால் சமைக்க நேரமில்லாமல் வீட்டில் கறி வாங்குவது குறையும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது காரைக்குடிப் பக்கம் பாதிதான் பொருந்தும். நாட்டுக்கோழி வேக நேரமாகும், மசாலா வறுத்து அரைக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது, சரி. ஆனால் வாரநாளில் வேலை முடிந்து வரும் வழியில் வெட்டிச் சுத்தம் செய்த அரைக் கிலோ பிராய்லர் வீட்டுக்கு வருகிறதே? உண்மையில் அருகிப்போனது உப்புக்கண்டம்தான். கறியை உப்பு, மஞ்சள் தடவிக் கோத்து நாள்கணக்கில் வெயிலில் காயவைக்கும்போது காக்கை, பூனை விரட்ட வீட்டில் ஆள் வேண்டுமே! அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், எல்லோரும் ஓட்டலில் வாங்கிவிடுகிறார்கள் என்கிறார். நகரத்தில் இருக்கலாம். எங்கள் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூலி கணக்கில் ஏறிய வாரம் கூடுதலாகக் கோழி வாங்குவது அவர்கள்தான், அதுவும் வீட்டில் சமைக்கத்தான்.