பிரிவு 1983 எல்லா அரசுக்கும் பொருந்தாது

“அமெரிக்காவில் எந்த அரசு உரிமையை மீறினாலும் பிரிவு 1983-இல் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கிவிடலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டால் வழக்குப் போட வழிதரும் அமெரிக்கச் சட்டப் பிரிவு இது. 1983 என்பது பிரிவு எண்தான், சட்டம் வந்தது 1871-இல். மாநிலம் தந்த அதிகாரத்தோடு செயல்படுபவர்கள் மீதுதான் அது பாயும். நகராட்சியையும் இழுக்கலாம் (1978 மோனெல் தீர்ப்பு). ஆனால் ஒரு போலீஸ்காரர் தப்பு செய்தார் என்பது போதாது. நகராட்சியின் கொள்கையோ வழக்கமோதான் அதற்குக் காரணம் என்று காட்ட வேண்டும். அங்கேதான் பல வழக்குகள் படுத்துவிடுகின்றன. மாநில அரசிடமே இந்தப் பிரிவில் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, எஃப்பிஐ மாதிரி ஃபெடரல் (மத்திய அரசு) அதிகாரிகள்? அவர்களுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. அவர்களிடமும் நஷ்டஈடு கேட்க 1971 பிவென்ஸ் தீர்ப்பு ஒரு சின்னக் கதவைத் திறந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏறக்குறையச் சாத்திவிட்டது.