கீற்றுக் கொட்டகையை விடுங்கள், படிக்கட்டைப் பாருங்கள்

‘ஃபயர் ட்ராப்’, அதாவது தீப்பிடித்தால் தப்ப முடியாத கட்டடம் என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் கீற்றுக் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது. நாலு பக்கமும் திறந்த கீற்றுப் பந்தல் மளமளவென எரியும்தான், ஆனால் நாலு எட்டில் வெளியே வந்துவிடலாம். முழுக்க கான்கிரீட், வாசலில் கிரானைட், ஒரே படிக்கட்டு, மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. என்னைக் கேட்டால் இதுதான் எலிப்பொறி.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்தார்கள், சரி. மாடியிலிருந்து இறங்க அங்கே இருந்த குறுகலான படிக்கட்டைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. டெல்லி உப்ஹார் தியேட்டரில் (1997, 59 பேர்) கீற்றே கிடையாது. கீழே பார்க்கிங்கில் இருந்த டிரான்ஸ்பார்மர் எரிந்து, புகை பால்கனிக்கு ஏறியது. பால்கனியில் ஒரு பக்க வழியை அடைத்துக் கூடுதல் சீட் போட்டிருந்தார்கள். இறந்தவர்களைக் கொன்றது புகைதான். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். பேட்டரிப் புகை படிக்கட்டு வழியாகவே ஏறி 8 பேர் இறந்தார்கள்.

நம் ஊர்க் கடைத்தெருவில் எந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். படிக்கட்டுக்கு அடியில் இபி மீட்டர் போர்டு, அழகுக்காக அதை மூடிய பிளைவுட் கதவு, பக்கத்தில் அட்டைப்பெட்டிக் குவியல், இப்போது புதிதாகச் சார்ஜில் நிற்கும் ஸ்கூட்டர். எரியக்கூடிய அத்தனையையும் இறங்கும் வழியிலேயே வைத்திருக்கிறோம். சூடான புகை மேலேதான் போகும். அதற்குப் படிக்கட்டை விட நல்ல புகைபோக்கி கிடையாது.

"எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆயிடும்" என்பார்கள். எம்சிபி என்பது கரன்ட் அளவுக்கு மீறி ஓடினால் தானாக விழும் சுவிட்ச். போர்டில் ஒரு ஸ்குரூ லூசாக இருந்தால் அந்த இடம் மட்டும் கொதிக்கும், ஆனால் கரன்ட் கூடுதலாக ஓடாது. எம்சிபிக்கு எதுவும் தெரியாது. ஒயரின் பிவிசி உருகி, பிளைவுட் பற்றிய பிறகுதான் ஷார்ட் ஆகும். இதைவிட மோசம், 16 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 32 மாட்டிவிடுவது. சுவருக்குள் ஓடுவது அதே 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர்தானே, எம்சிபி விழுவதற்கு முன்பே அது சூடாகிவிடும்!

முகப்பில் ஒட்டும் ஏசிபி ஷீட்டும் சாதாரணமில்லை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் பெரும்பாலும் பாலிஎத்திலீன். லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017இல் நாலாவது மாடி ஃப்ரிட்ஜில் தொடங்கிய தீ, 24 மாடிக்கும் ஏறியது இப்படிப்பட்ட ஷீட்டைப் பிடித்துத்தான். 72 பேர். இங்கே அதையே ஜன்னல்களையும் மறைத்து ஒட்டுகிறார்கள். புகை வெளியேற வழியில்லை, ஏணி வைத்து ஆளை இறக்கவும் வழியில்லை.

என்ஓசிக்காக (தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று) வாங்கி மாட்டிய சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஆறு கிலோ பவுடர் அரை நிமிஷம்கூட வராது. குப்பைத்தொட்டித் தீக்குப் போதும், அவ்வளவுதான். காசு செலவழிப்பதானால் முதலில் படிக்கட்டைக் காலி செய்யுங்கள். போர்டின் பிளைவுட் கதவை எடுத்துவிட்டு இரும்புப் பெட்டி போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மெயினை நிறுத்தி எலக்ட்ரீஷியனை விட்டு எல்லா டெர்மினலையும் டைட் வைக்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் சார்ஜ் பாயின்ட் வெளியே, காற்றோட்டமான இடத்தில். கேபிளும் பைப்பும் மாடிக்கு மாடி ஏறும் ஓட்டைகளைக் குறைந்தபட்சம் சிமென்ட் வைத்தாவது அடையுங்கள். புகைக்கு அது இரண்டாவது படிக்கட்டு. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஜன்னல் கிரில்லாவது கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும்.

இரவில் வேலையாட்கள் மேலே தூங்க, ஷட்டரை வெளியே பூட்டிச் சாவியை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவது கொலைக்குச் சமம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மொட்டை மாடிக் கதவுக்கும் திருட்டுப் பயத்தில் பூட்டு வேண்டாம், உள்பக்கத் தாழ்ப்பாள் போதும். திருடன் வெளியிலிருந்து வருகிறவன், அவனுக்கு அது திறக்காது.