ஒண்ணுமே இல்லையாம்

அந்த ஜீப் வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் அனுப்ப வேண்டாம். ஒருவர் ஜீப்பில் போய் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் நின்றுகொண்டு, "ஒண்ணுமே இல்ல, இவ்வளவு இடத்தையும் பறவைக்கு எழுதி வெச்சிருக்காங்க" என்று சிரிக்கிறார். அவர் சொல்லும் பறவை கானமயில். கீழே ஒரே கைதட்டல்.

சுற்றுலாக்காரர்கள் போகும் சாம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறிவிட்டு, ராத்திரி டென்ட்டில் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காதுதான். ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் இருக்கிறது அந்தப் பாலைவன தேசியப் பூங்கா. மணல்மேடு அதில் ஒரு பங்குதான். மீதி பாறைத் தரை, உப்புப் பள்ளம், சேவண் புல்வெளி. யாருக்கும் எழுதியும் வைக்கவில்லை. உள்ளே ஊர்களும் இருக்கின்றன, ஆடுகளும் மேய்கின்றன. பார்மேர் சாலையில் ஆகல் என்ற இடத்தில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, 18 கோடி வருஷத்துப் பழசு. காடாக இருந்த பூமி ஐயா அது.

மூன்று வருஷம் முன்னால், ஜனவரியில், ஆந்திராவில் இருக்கும் எங்கள் குப்பம் ஊரிலிருந்து ரயில் மாறி மாறி அந்தப் பூங்காவின் சுதாசரிப் பகுதிக்குப் போனேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தது, பதினொன்றரை வரை புல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. எனக்கே "ஒண்ணுமில்ல" என்று வாய் வரை வந்துவிட்டது. கூட இருந்த ஆட்டுக்காரப் பெரியவர் கையை நீட்டாமல் மோவாயால் காட்டினார். புல்லுக்கு மேலே வெள்ளைக் கழுத்து, அதன்மேல் கறுப்புத் தொப்பி. கானமயில். ஆண் 15 கிலோ வரை வரும். இரண்டு எட்டு வைத்தது, நின்றது, புல்லுக்குள் போய்விட்டது. நாட்டில் மிச்சம் 150-க்கும் குறைவு. இடுவது ஒரே முட்டை, அதுவும் வெறுந்தரையில்.

"அப்போ கரன்ட் வேண்டாமா?" என்று வருவீர்கள். வேண்டும் சாமி, என் வீட்டு மாடியிலும் சோலார் இருக்கிறது. பேச்சு அங்கிருந்து சோலார் கரன்ட் கொண்டுபோகும், பறவை மோதிச் சாகும் மின்கம்பியைப் பற்றி. பக்கவாட்டில் கண் உள்ள பறவைக்கு எதிரே வரும் கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அந்த எடையோடு சட்டென்று திரும்ப முடியாது. 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-ல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டது. செலவு தாங்காதாம். சரி, செலவு என்றே சொல்லுங்கள். ஒண்ணுமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

ராஜஸ்தான் பறவைக்குக் குப்பத்துக்காரன் ஏன் அழுகிறான் என்றால், நம் கர்னூல் பக்கத்து ரோள்ளபாடு இருக்கிறதே, 1988-ல் இதே பறவைக்காக அறிவித்த சரணாலயம். இன்று போனால் வெளிமான் பார்க்கலாம். கானமயிலைப் பார்ப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

எங்கள் ஊர்க் குன்றும் ரெக்கார்டில் பஞ்சரு நிலம்தான், அதாவது ஒன்றுக்கும் உதவாத தரிசு. பாட்டி அங்கேதான் ஆடு மேய்த்தாள், சீத்தாப்பழம் பறித்தாள், துடைப்பப் புல் அறுத்தாள். அளக்க வந்தவர் அவளிடமே கேட்டார், "இக்கட ஏமுந்தி அவ்வா?" (இங்கே என்ன இருக்கு பாட்டி?) கிரானைட் எடுத்த குழியில் இப்போது பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது.

போன மாசம் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா மகன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "உங்க ஊர்ல என்னதான்டா இருக்கு?" என்றான். பாட்டி போட்டோ அவன் தலைக்கு மேலேதான் மாட்டியிருந்தது. காபி போடச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.