இரவு பத்தரைக்கு வீடியோ கோல்

ரொறன்ரோவில் மதியம் 12 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு 9.30. அங்கே குளிர்காலம் என்றால் 10.30. எத்தனை தரம் சொல்லிவிட்டேன்! நேற்றும் எங்கள் முதியோர் இல்லத்து ஆச்சி ஒருவரின் மகனிடமிருந்து அதே கோல். "தங்கச்சி, அம்மாவை ஒருக்கா எழுப்பிக் காட்டுங்கோ." இருமி இருமி அப்போதுதான் கண்ணயர்ந்த ஆச்சியை எப்படி எழுப்புவது? எழுப்பினால், "ஏன் மெலிஞ்சு போனா? சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று எனக்கு விசாரணை.

படுக்கையோடு கிடப்பவர்களை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இரவில் 20 பேருக்கு நாங்கள் இரண்டே பேர். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவர்களை யார் புரட்டுவது?

கோல் முடிந்த பிறகு ஆச்சிக்கு ஏது நித்திரை? விடியும்வரை ஒரே பேச்சு: "மகன் வாறான், கேற்றைத் திற பிள்ளை."