அந்த ஏழு பேரால் முடிந்ததே

"நம்ம சிங்கப்பூருக்கு ஜூரி எல்லாம் ஒத்துவராது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஜூரி என்றால், நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதே பேச்சு. லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு கொலை வழக்கில் ஜூரியாக இருந்துவிட்டு வந்திருக்கிறான். உள்ளே பன்னிரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டான், அங்கே அதை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். சரியாகத் தூங்க முடியவில்லை என்று மட்டும் சொன்னான். உடனே இங்கிருந்து மாமா ஒருவர், "நல்லவேளை நமக்கு அந்தத் தொல்லை இல்லப்பா, நம்ம ஆளுங்க இனம் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வாங்க" என்று போட்டார்.

மாமா, புலாவ் செனாங் வழக்கை நினைத்துப் பாருங்கள். 1963 ஜூலையில் நம் நாட்டின் அந்தச் சின்னத் தீவில், சுவரே இல்லாத அந்தச் சிறையில், கைதிகள் கலவரம் செய்து கண்காணிப்பாளர் டேனியல் டட்டனையும் சக அதிகாரிகளையும் கொன்றார்கள். குற்றவாளிக் கூண்டில் 58 பேர். அவர்கள் முன்னால் ஏழு சாதாரண மனிதர்கள், வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு, விசாரணை நடந்த 64 நாளும் வந்து உட்கார்ந்தார்கள். ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம், எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டி அனுப்பியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 18 பேர்மீது கொலைக் குற்றம், 18 பேர்மீது பயங்கர ஆயுதங்களோடு கலவரம் செய்த குற்றம், 11 பேர்மீது வெறும் கலவரக் குற்றம், மீதி 11 பேர் விடுதலை என்று ஒவ்வொருவனாகப் பிரித்துச் சொன்னார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் 1965 அக்டோபரில் தூக்கில் போடப்பட்டார்கள், அந்த ஏழு பேர் அதன்பிறகு எப்படித் தூங்கினார்களோ. ஆனால் பொறுப்பில்லாமல் தீர்ப்புச் சொன்னார்கள் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

ஜூரியை வக்கீல்கள் எளிதில் குழப்பிவிடலாம் என்ற திரு லீ குவான் இயூவின் வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. 1950இல் இங்கே நடந்த மரியா ஹெர்டோக் கலவரத்துக்குப் பிறகு ஒரு கொலை வழக்கில் வக்கீலாக வாதாடி, ஜூரி மனத்தில் சந்தேகத்தை விதைத்து, தான் வாதாடியவர்கள்மீதான கொலைக் குற்றச்சாட்டை உடைத்தவர் அவர். அதில்தான் அவருக்கே இந்த முறைமீது நம்பிக்கை போனது. 1969இல் முன்னாள் முதலமைச்சரும் வக்கீலுமான டேவிட் மார்ஷல் எவ்வளவோ எதிர்த்தும் ஜூரி முறை போய்விட்டது. அப்புறம் மரண தண்டனை வழக்குகளை இரண்டு நீதிபதிகள் விசாரித்தார்கள், 1992 முதல் ஒரே நீதிபதி. மேல்முறையீடு இருக்கிறது, தெரியும். ஆனாலும் ஓர் உயிர் போகிற வழக்கின் விசாரணையில் நம்மைப் போன்றவர்கள் யாருமே இல்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் அந்தத் தண்டனை நம் எல்லார் பெயராலும்தான் நிறைவேறுகிறது.

பழைய ஜூரியே திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஜப்பானைப் பாருங்கள், அங்கும் மரண தண்டனை உண்டு. 2009 முதல் கடுமையான குற்ற வழக்குகளில் மூன்று நீதிபதிகளோடு பொதுமக்கள் ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், குறைந்தது ஒரு நீதிபதியாவது ஒத்துக்கொள்ளாமல் யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. இனம் பார்ப்பார்கள் என்ற மாமாவின் பயத்துக்கும் அதிலேயே ஒரு தடுப்பு இருக்கிறது. இதை நம் நாடாளுமன்றத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். அப்படி ஒரு முறை வந்து எனக்கு அழைப்பு வந்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் போவேன்.